நாங்கள்

‘ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு’ என்று தொடங்கும் மனுக்கள் ஐம்பது அறுபதாவது எழுதியிருப்பேன். ஒன்றுகூட எனக்காக அல்ல. பெரும்பாலும் மாமாவுக்காக எழுதியவை. மாமா என்றால் அக்காவின் கணவர். ஆயுதப்படையில் காவலராகச் சேர்ந்து, ஏட்டாகி, கடைசியில் சிறப்பு எஸ்.ஐ. என்ற பெயரோடு ஓய்வு பெற்றவர். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்தான். ஸ்டேஷனில் ரைட்டர் வேலைகூடக் கொஞ்ச நாள் பார்த்திருக்கிறார். ஆனால் தனக்கென்று ஒரு மனு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது என்பார். மாதம் ஒரு முறையாவது ராத்திரி வண்டியில் வந்து செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத்தாள் வெளியே வரும்.

“மச்சான், ஒண்ணு எழுதணும்.”

பையனுக்குக் காது குத்த இரண்டு நாள் லீவு. குவார்ட்டர்ஸில் சமையற்கட்டுக்கு மேலே ஒழுகுகிறது. தேர்தல் பந்தோபஸ்துக்குப் போய்வந்த படிப்பணம் ஏழு மாதமாக வரவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயருக்குக் கீழே இருந்தவர் மேலே போய்விட்டார். விஷயம் எதுவானாலும் வாசகம் ஒன்றுதான். ‘பணிந்து சமர்ப்பித்துக்கொள்கிறேன்’, ‘கருணை கூர்ந்து’, ‘ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றும்படி’, ‘கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’. முதல் மனுவில் ‘கருணை’யை விட்டுவிட்டு ‘விதிப்படி எனக்குச் சேரவேண்டிய’ என்று எழுதியிருந்தேன். மாமா படித்துப் பார்த்து மெல்லச் சிரித்தார். “இத கொண்டுபோய்க் குடுத்தா ஒழுகுற கூரையும் இருக்காது” என்றார். அதற்குப் பிறகு நான் கருணையை மறந்ததில்லை.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். சங்கத்தில் இணைச் செயலாளர். பகலில் அதே கையால், அதே ஹீரோ பேனாவால், நிர்வாகத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதுவேன். ‘நாங்கள் கோருகிறோம்’, ‘எங்களுக்கு உரியது’, ‘மறுக்கும் பட்சத்தில் ஏற்படும் விளைவுகளுக்கு நிர்வாகமே பொறுப்பு’. ஒரே ஆள் இரண்டு பாஷைகளில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அந்த வயதில் எனக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. இரண்டு பாஷைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மரியாதைச் சொற்களில் இல்லை, தன்மைப் பெயரில் இருக்கிறது என்பது பிறகுதான் பிடிபட்டது.

தமிழில் தன்மை மூன்று. நான், நாம், நாங்கள். கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்வது நாம். கேட்பவரை எதிரே நிறுத்திவைத்துப் பேசுவது நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மாமாவின் உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்தது இரண்டே தன்மைகள். மனுவில் நான். ரோல்காலில் அதிகாரி பேசும்போது நாம்: ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’, ‘நமது துறையின் பெருமை’. அந்தக் குடும்பத்தில் மாமா எட்டு மாதம் ஓர் அதிகாரி வீட்டில் ஆர்டர்லியாக இருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குழந்தைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டு, நாயைக் குளிப்பாட்டினார். மூன்றாவது தன்மை மட்டும் அவருக்கு இல்லை. இல்லை என்பதைவிட, சட்டம் அதை எடுத்துவைத்துக்கொண்டுவிட்டது என்பது சரி.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்கள் எல்லோருக்கும் கொடுக்கிறது. 33வது பிரிவு, ராணுவத்துக்கும் பொது அமைதி காக்கும் படைகளுக்கும் அந்த உரிமை எவ்வளவு என்பதைப் பாராளுமன்றம் தீர்மானிக்கலாம் என்கிறது. பாராளுமன்றம் தீர்மானித்தது 1966 டிசம்பரில். காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று அதற்குப் பெயர். பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை. அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்ந்தால், பத்திரிகைக்குப் பேசினால், கூட்டத்தில் பங்குகொண்டால், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே 1966-ல்தான் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கூட்டு ஆலோசனை அமைப்பு என்ற ஏற்பாடும் வந்தது. 1960-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தம் அரசாங்கத்துக்குக் கொடுத்த பாடத்தின் விளைவு அது. ஒரு மேஜை, அந்தப் பக்கம் அரசு, இந்தப் பக்கம் ஊழியர். சம்பளம், வார வேலை நேரம், விடுப்பு, இந்த மூன்றிலும் உடன்பாடு ஏற்படாவிட்டால் விஷயம் நடுவரிடம் போகும். ரயில்வேக்காரர், தபால்காரர், ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர் எல்லோரும் அந்த மேஜைக்கு உரியவர்கள். போலீஸ்காரர்கள் தவிர. திட்டத்தின் வரம்பிலேயே அவர்களை விலக்கி எழுதியிருக்கிறார்கள். காலையில் எங்கள் மார்க்கத்து வண்டியில் ஒரே பெட்டியில் மூன்று பேர் உட்கார்ந்து வருவார்கள். ஆவடியில் இறங்கும் ஃபிட்டருக்கும் பெரம்பூரில் இறங்கும் லோகோ ஒர்க்ஸ்காரருக்கும் மேஜை உண்டு. இருவருக்கும் நடுவில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவழியும் மூன்றாமவருக்கு இல்லை.

வேலைநிறுத்தம் வேறு, பேரம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் அரசாங்கத்தின் வாதமே நிற்கிறது. போலீஸ்காரன் வேலைநிறுத்தம் செய்தால் ஊர் என்னாவது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நானே அதை ஆதரிக்க மாட்டேன். ஆனால் வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று பத்துப் பேர் சேர்ந்து எதிரே உட்கார்ந்து சொன்னால் ஊருக்கு என்ன வந்துவிடும்? இங்கிலாந்தில் 1918-லும் 1919-லும் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1919-ல் நின்றவர்கள் நிரந்தரமாக வேலை இழந்தார்கள். அந்த வருஷமே வந்த சட்டம் வேலைநிறுத்தத்தையும் தொழிற்சங்கத்தையும் தடைசெய்தது. கூடவே போலீஸ் ஃபெடரேஷன் என்று அவர்கள் பேசுவதற்கு ஓர் அமைப்பையும் உண்டாக்கிக் கொடுத்தது. காவல் படையில் அதிருப்தியைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் சட்டம் 1922-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஃபெடரேஷன் கப்பல் ஏறவில்லை.

1979-க்கு வருகிறேன். மே மாதத்தில் பஞ்சாபில் போலீஸ்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஹரியானா, டெல்லி என்று பரவி, மத்திய ரிசர்வ் போலீஸுக்கும் தொழில் பாதுகாப்புப் படைக்கும் பற்றிக்கொண்டது. பொகாரோ உருக்காலையில் ஜூன் கடைசியில் ராணுவத்தை அனுப்பினார்கள். உயிர்கள் போயின. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிப்ரவரியிலேயே தரம் வீரா தலைமையிலான தேசியப் போலீஸ் கமிஷன் தன் முதல் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. காவலர்களின் வேலை நேரம், வீடு, ஆர்டர்லி முறை, குறைகளைக் கேட்க ஒரு வழி எல்லாம் அதில் இருந்தன. அறிக்கை அலமாரியில் இருக்கும்போதுதான் துப்பாக்கி சுட்டது.

அலை தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஒரு ராத்திரி மாமா திண்ணையில் வந்து உட்கார்ந்து தாளை எடுத்தார். இந்தத் தடவை அது வெள்ளைத்தாள் இல்லை. பென்சிலால் இரண்டு பக்கமும் எழுதி, அடித்து, திருத்திய காகிதம். பல கையெழுத்துகள். எட்டு மணி நேர வேலை. வாரம் ஒருநாள் ஓய்வு. ஆர்டர்லி வேலை கூடாது. ஒழுகாத வீடு. சங்கம். “எட்டு பேர் சேர்ந்து போட்டது. நீ நல்லா எழுதிக் குடு” என்றார்.

எனக்கு இருபத்திரண்டு வயது. கோரிக்கைப் பட்டியல் என்றால் கை தானாக ஓடும். ‘நாங்கள்’ என்று ஆரம்பித்தேன். மாமா அரிக்கேன் வெளிச்சத்தில் வாய்விட்டுப் படித்தார். அந்தச் சொல்லில் வந்து நின்றார். மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்து மறுபடி அங்கேயே நின்றார். எழுதினது சரியில்லையா என்று கேட்டேன். “சரிதான். பழக்கமில்ல” என்றார்.

காகிதம் குவார்ட்டர்ஸில் அரிசி டின்னுக்குள் ஒரு நாள் இருந்தது. அக்கா ஏழு மாத கர்ப்பம். அவள் அதை எடுத்துப் படித்து, அடுப்பில் வைத்து, எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாமா வந்ததும் அவரிடம் சொன்னாள். மாமா ஒன்றும் சொல்லவில்லையாம். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாராம். கூட்டத்துக்கு அவர் போகவில்லை. எட்டுப் பேரில் போனவர்களில் ஒருவருக்கு வேலை போயிற்று. அவர் பிற்பாடு திருநின்றவூர்ப் பக்கம் சைக்கிள் கடை வைத்தார். அந்தக் கடை இருக்கும் தெருவை மாமா தன் சர்வீஸ் முடியும்வரை சுற்றிக்கொண்டுதான் போனார். சைக்கிளில் காற்று இறங்கினாலும் தள்ளிக்கொண்டே போவார். இதை எனக்கு அவர் சொல்லவில்லை. ஒரு தடவை கூடப் போனபோது நானே பார்த்தது.

அக்காவை நான் குறை சொல்லத் தயாராயில்லை. மாமாவையும்தான். ஆனால் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அவர்மேல் ஓர் அலட்சியம் வந்துவிட்டது. அடிமைப் புத்தி என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்நாளில் அந்நியமாதல் பற்றியெல்லாம் படித்துக்கொண்டிருந்தோம். திண்ணையில் வந்து உட்காருகிற ஆளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றவில்லை.

அந்த வருஷமே தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறையை ஒழித்து அரசாணை வந்தது. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதே அரசாணையைத் தூசிதட்டி எடுத்து, நாற்பத்து மூன்று வருஷமாகியும் ஏன் ஒழியவில்லை என்று அரசைக் கடுமையாகக் கேட்டது. கோரிக்கையின் பேரில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் கருணையின் பேரில் வந்த ஆணைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒப்பந்தத்தை மீறினால் இன்னொரு கையெழுத்துக்காரன் சட்டையைப் பிடிப்பான். ஆணையை மீறினால் யார் கேட்பது? தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனா?

1982-ல் எங்கள் கம்பெனியில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம். இருபதாவது நாளோ என்னவோ, கேட்டுக்கு எதிரே பந்தோபஸ்து போட்டார்கள். நான் வாயிற்கூட்டத்தில் ஸ்டூல்மேல் ஏறிப் பேசிக்கொண்டிருக்கிறேன். வரிசையில் ஐந்தாவது ஆளாக மாமா. கையில் லத்தி, பிரம்புக் கேடயம். காலை ஆறு மணிக்கு வந்து நின்றவர்கள் மாலை நான்கு மணிக்கும் அதே இடத்தில் நின்றார்கள். எங்களுக்கு மோர் வந்தது, பொட்டலச் சோறு வந்தது, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர்களுக்கு மத்தியானம் வரவேண்டிய சாப்பாட்டு வண்டி வரவில்லை. எங்கள் ஆள் ஒருவன் மோர் கொண்டுபோய் நீட்டினான். யாரும் வாங்கவில்லை. வாங்கக்கூடாது. நான் பேசும்போது, எட்டு மணி நேர வேலை என்பது உலகத் தொழிலாளி ரத்தம் சிந்தி வாங்கியது என்று சொன்னேன். சொல்லும்போது ஐந்தாவது ஆளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே, எங்கள் கம்பெனி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொன்றாம் நாள் தேனாம்பேட்டையில் தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் கையெழுத்தாயிற்று. அன்றிருந்த தொழிற்தகராறு சட்டப்படி 12(3) ஒப்பந்தம். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. இருந்தாலும் காபி கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், எங்கள் பெயரை ‘சங்கத்தின் சார்பில்’ என்று டைப் அடித்தார்கள். அந்த வாரம் மாமா வந்தார். நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார். எவ்வளவு ரூபாய் ஏறியது என்ற பக்கத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தை, கையெழுத்துகளை, ரொம்ப நேரம் பார்த்தார். “எதிர்த்தாப்புல உக்காந்து போட்டீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். பிறகு பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தார். அன்றைக்கு நின்ற பத்து மணி நேரத்துக்கு உணவுப்படி வரவில்லை. அதற்கு ஒரு மனு.

சட்டம் ஒரு சொல்லைத் தடுத்தால் அது வேறு வாய் வழியாக வெளியே வரப் பார்க்கும். 1990-களின் ஆரம்பத்தில், மாமா அப்போதிருந்த வேறொரு மாவட்டத்துப் போலீஸ் லைனில், கோடையில் மூன்று வாரம் குழாயில் தண்ணீர் இல்லை. ஆண்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுக் கொடுத்துச் சலித்தார்கள். அக்காவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் காலிக் குடங்களோடு அதிகாரியின் முகாம் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அரிசி டின்னிலிருந்து காகிதத்தை எடுத்து எரித்த அதே அக்கா. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “நாங்க என்ன பண்ணுவோம், குழந்தைங்கள வெச்சிக்கிட்டுன்னு சொன்னோம்” என்றாள். நாங்க! சாயங்காலமே லாரி வந்தது. மறுநாள் மாமாவுக்கு மெமோ வந்தது. குடும்பத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கு விளக்கம் கேட்டு. அந்த விளக்கத்தையும் நான்தான் எழுதினேன். ‘இனி இவ்விதம் நேராது என்று பணிவுடன் உறுதி கூறுகிறேன்’.

அக்கா தனி உதாரணம் அல்ல. 2016 ஜூனில் கர்நாடகத்துக் காவலர்கள் கூட்டாக விடுப்பெடுப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முன்னின்றவர்மேல் ராஜத்துரோக வழக்கே போட்டார்கள். 2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புப் படைக் காவலர்களின் மனைவிமார் குழந்தைகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். மாதக் கணக்கில் வீட்டுக்கு அனுப்பாமல் ஊர் ஊராக மாற்றுகிறீர்களே, குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். முடிவில் முப்பத்தொன்பது காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம், பத்துப் பேர் நிரந்தரமாக. பேசுவதற்குப் பெண்கள், தண்டனைக்கு ஆண்கள் என்று வேலை பிரிந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. அதை நான் மறைத்துவிட்டால் இந்தக் கட்டுரை மனுவாகிவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்தில் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றார்கள். அமெரிக்கப் போலீஸ்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, பேரம் பேசும் உரிமை பல மாநிலங்களில் சட்டப்படியே இருக்கிறது. விஸ்கான்சினில் 2011-ல் அரசு ஊழியர்களின் பேர உரிமையைப் பறித்தபோதுகூட போலீஸையும் தீயணைப்போரையும் தொடாமல் விட்டார்கள். அந்தச் சங்கங்கள் பல ஊர்களில் சம்பளத்தை மட்டும் பேசவில்லை. தவறு செய்தவனை எப்படி விசாரிக்கலாம், எத்தனை நாள் கழித்து விசாரிக்கலாம் என்பதையும் பேரத்தில் சேர்த்துக்கொண்டன. அப்படியொரு சங்கம் இங்கே இருந்திருந்தால் சாத்தான்குளத்தில் அது யார் பக்கம் நின்றிருக்கும்? இந்தக் கேள்வியை மாமாவிடம் கேட்க முடியவில்லை. அவர் 2018-லேயே போய்விட்டார். எனக்குக் கிடைத்த பதில் அரைகுறையானது. சங்கம் இல்லாத ஊரில்தான் சாத்தான்குளம் நடந்தது. ஆகவே சங்கமின்மை யாரையும் காப்பாற்றவில்லை. வேலை நேரமும் ஓய்வும் வீடும் மேஜைக்கு வரலாம். லாக்கப்பில் நடந்தது வரக்கூடாது. இந்தக் கோட்டைச் சட்டத்தில் போட முடியும். மனிதர்கள் அதன் இந்தப் பக்கம் நிற்பார்களா என்பதற்கு நான் ஜாமீன் கொடுக்க மாட்டேன். என் தோளிலும் 1982-ன் ஒரு லத்தித் தழும்பு இருக்கிறது. மாமா வராத ஒரு நாளில் விழுந்தது அது.

கேரளம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1966 சட்டம் அனுமதியில்லாமல் கூடாது என்றுதானே சொல்கிறது, அங்கே அனுமதித்தார்கள். காவலர் சங்கம் எழுபதுகளின் இறுதியிலிருந்து இயங்குகிறது, மாநாடு கூட்டுகிறது, முதலமைச்சரே போய்ப் பேசுகிறார். கேரளத்தில் அமைதி ஒன்றும் குலைந்துவிடவில்லை. கேரளத்துப் போலீஸ் புத்தராகவும் ஆகிவிடவில்லை.

தீயணைப்புக்காரர்கள் விஷயம் இன்னும் விசித்திரம். 33வது பிரிவின் வாசகத்தில் அவர்கள் இல்லை. நெருப்புக்குப் பொது அமைதி பற்றிக் கவலையில்லை. சங்க உரிமை பற்றிய 1948-ஆம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கை ராணுவத்துக்கும் போலீஸுக்கும் மட்டும்தான் விலக்குக் கொடுக்கிறது. தீயணைப்போருக்கு அது பொருந்தாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. 2020 தீபாவளி விடியற்காலையில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடை தீப்பிடித்து, பழைய கட்டிடம் இடிந்து, இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள்ளேயே இறந்தார்கள். அத்தகைய சாவுக்குப் பிறகு மாலையும் மரியாதையும் நிதியும் உண்டு. எந்தக் கட்டிடத்துக்குள் எந்தக் கருவி இல்லாமல் போகமாட்டோம் என்று முன்கூட்டியே எதிரே உட்கார்ந்து சொல்வதற்குத்தான் மேஜை வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரசாயனமும் ரப்பரும் எரியும் புகையைச் சுவாசிக்கிறவன் சொல்ல வேண்டியது அது.

2021-ல் காவலர்களுக்கு வார ஓய்வு வந்தது. டி.ஜி.பி. உத்தரவு போட்டார். முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆகஸ்டில் காவலர் நலனுக்காக நீண்டதொரு தீர்ப்பை எழுதியது. எட்டுப் பேர் பென்சிலால் எழுதிய காகிதத்தின் இரண்டாவது வரி, நாற்பத்திரண்டு வருஷம் கழித்து. அக்காவிடம் போய்ச் சொன்னேன். “யாரு கேட்டு குடுத்தாங்க?” என்றாள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள் என்றேன். “அப்ப அவங்களா எடுத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் வந்தாள். ஆயுதப்படையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறாள், தாத்தா நல்லா மனு எழுதுவார் என்று. விஷயம் இதுதான்: ஒன்பது வாரமாக ஓய்வு நாள் பதிவேட்டில் ஓய்வு என்று இருக்கிறது, ஆனால் அந்த நாட்களில் அவள் பந்தோபஸ்தில் இருந்திருக்கிறாள். கேட்டால் அவசரம் என்கிறார்கள். உனக்கு மட்டும்தானா என்று கேட்டேன். இல்லை தாத்தா, எங்க ரூம்ல இருக்கிற அஞ்சு பேருக்கும் அப்படித்தான் என்றாள்.

அஞ்சு பேரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் என்ன என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து மனு எழுதினேன். ஒரே ஆள் எழுதியது என்று தெரியக்கூடாதே, ஆகவே ஒவ்வொன்றையும் வேறு மாதிரி ஆரம்பித்தேன். ஒருத்திக்கு அம்மாவின் வியாதி. ஒருத்திக்குக் கைக்குழந்தை. இன்னொருத்திக்கு முதுகுவலி. நாலாவது பெண்ணுக்கு வெறுமே அசதி. அதை எழுத முடியாதென்பதால் தங்கை கல்யாணம் என்று வைத்தேன். ஒரே நாளில் கொடுக்காமல் வாரத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள் என்று அவளிடமே யோசனையும் சொன்னேன். ஐந்தாவதற்கு வரும்போது மணி பதினொன்றாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, நான்’ என்று எழுதினேன்.